அஞ்சு பீஸ் மோகன்குமார்

மோகன்குமாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்வேன். குடிக்க மாட்டார். சிகரெட் கிடையாது. என் கடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திருக்கும்போது காசை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போவார். நாலாவது வார்த்தைக்குத்தான் கொஞ்சம் திணற வேண்டியிருக்கிறது.

அப்போது ஓசூரிலிருந்து மத்திகிரி போகிற சாலையில் எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கூடவே ஜெராக்ஸ். இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் செல்போனில் இன்டர்நெட் பார்ப்பதெல்லாம் பெரிய கம்பெனி மேனேஜர்களோடு சரி. சிப்காட் பையன்கள் ஷிப்ட் முடிந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால் நேராக என் கடைக்குள் நுழைவார்கள். வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வந்தவன் விண்ணப்பம் அனுப்புவான், மற்றவன் மற்றதைப் பார்ப்பான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நடுவில் பலகை வைத்து அடைத்துக் கொடுத்திருந்தேன். எவன் என்ன பார்க்கிறான் என்று எட்டிப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. மோகன்குமார் மட்டும் தான் பார்ப்பதை என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார். கடைக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில்தான் குடியிருந்தார். அதனால்தான் இந்தக் கதை எனக்கு முழுதாகத் தெரியும்.

அவர் துறையூர் பக்கத்துக்காரர். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து, வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக உட்கார்ந்துவிட்டார். வேலை இதுதான். பிரஸ் மெஷினில் அடித்த தகடு பெட்டி பெட்டியாக அவர் மேசைக்கு வரும். ஒரு பெட்டிக்கு ஐந்து பீஸ் எடுத்து அளந்து பார்ப்பார். ஐந்தும் சரியென்றால் பெட்டி முழுவதற்கும் பச்சை அட்டை. எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள், அதில் தப்பில்லை. கம்பெனிக்கு வெளியிலும் அவர் இப்படியே செய்ததுதான் வம்பு. வீடு பார்க்க வந்தவர் லைனில் முதல் வீட்டை மட்டும் திறந்து பார்த்துவிட்டுக் கடைசி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். மழை பெய்தால் அந்த லைனிலேயே அந்த ஒரு வீடுதான் ஒழுகும். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாரிடம் பேசிப் பார்த்துவிட்டு மொத்தக் குடும்பத்துக்கும் பச்சை அட்டை போட்டார். மச்சான்கள் இரண்டு பேரும் வருஷம் தவறாமல் வந்து மாதக்கணக்கில் தங்கி அவர் உயிரை எடுத்தார்கள். கம்பெனியில் பையன்கள் அவருக்கு அஞ்சு பீஸ் என்றே பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படவில்லை, பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

டென்னிஸ் மட்டையை அவர் கையால் தொட்டதில்லை. டிவியில் பார்த்ததோடு சரி. ஆனாலும் அந்த ஆட்டம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. கிரிக்கெட்டில் டிரா உண்டு, காசு வாங்கிக்கொண்டு தோற்பவன் உண்டு, இருபத்திரண்டு பேரில் எவன் காலை வாருவான் என்று தெரியாது. டென்னிஸில் இரண்டே பேர், அதில் ஒருவன் ஜெயித்தே ஆக வேண்டும். ஒரு பீஸ் ஒன்று ஓகே, இல்லாவிட்டால் ரிஜெக்ட், நடுவில் ஒன்றும் கிடையாது என்று பழகிய மனுஷனுக்கு இது பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்.

ஆட்டத்தைவிடவும் அவருக்குப் பிடித்தது பந்தயக் கடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது. மூன்று இடங்களை வைத்திருந்தார். முதலாவது லண்டனிலிருந்து நடக்கிற இணையச் சந்தை. அங்கே கடைக்காரன் என்று யாரும் கிடையாது. ஒருத்தன் ஜெயிப்பான் என்று நீங்கள் பணம் கட்டினால், ஜெயிக்க மாட்டான் என்று உலகத்தில் வேறெங்கோ உட்கார்ந்திருப்பவன் எதிரில் கட்டுவான். விலை, அதாவது ஜெயித்தால் ரூபாய்க்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்கிற கணக்கு, நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்கும். ஜெயித்தவனிடம் சந்தைக்காரன் கமிஷன் எடுத்துக்கொள்வான். இரண்டாவது, ஏதோ ஒரு தீவில் பதிவு செய்த தளம். விலையை அவர்களே வைப்பார்கள், ஜெயித்த பணத்தைக் கேட்டால் அந்தச் சான்றிதழ் கொண்டா, இந்தச் சான்றிதழ் கொண்டா என்று இழுத்தடிப்பார்கள். அதை அவர் விலை பார்க்க மட்டும் வைத்திருந்தார். மூன்றாவது, அத்திப்பள்ளி ராஜப்பன். கர்நாடக எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் டயர் கடை வைத்திருந்தார் அந்த ராஜப்பன். டயர் ஒரு சாக்கு, போனில் கிரிக்கெட் பந்தயம் பிடிப்பதுதான் தொழில். டென்னிஸ் அவருக்குத் துளியும் தெரியாது. பெங்களூரில் எவனோ காலையில் சொன்ன விலையைச் சாயங்காலம் வரை மாற்றாமல் வைத்திருப்பார்.

மோகன்குமார் கண்டுபிடித்தது இந்த ஓட்டையைத்தான். பெங்களூர் மெஜஸ்டிக் பக்கம் ஒரு ஏஜென்டைப் பிடித்து லண்டன் சந்தையில் கணக்கு வாங்கிவிட்டார். திரையில் ஒரு ஜன்னலில் லண்டன், இன்னொன்றில் தீவு, காதில் ராஜப்பன். லண்டனில் விலை நகர்ந்திருக்கும், ராஜப்பன் நகர்ந்திருக்க மாட்டார். லண்டனில் ஒருத்தன் மேலும் அத்திப்பள்ளியில் அவனுடைய எதிராளி மேலும் கணக்குப் பார்த்துக் கட்டினால், எவன் ஜெயித்தாலும் கட்டியதற்கு மேல் கொஞ்சம் கையில் நிற்கும். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சில தடவை செய்தும் பார்த்தார். பூங்கொடிக்கு, அதாவது அவர் சம்சாரத்துக்கு, ஒரு பிரஷர் குக்கர் வந்து சேர்ந்தது. இவ்வளவு சுலபம் என்றால் உலகமே செய்யாதா என்று கேட்டேன். எல்லாரும் ஒரே கடையைப் பார்க்கிறார்கள், நான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றார். சொன்ன விதத்தைப் பார்த்து எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் குக்கர் நிஜம்.

ஒரே குறை, சின்னப் பணம் போட்டால் குக்கர்தான் வரும். பெரிய பணம் அவரிடம் இல்லை. பெரிய பணம் திம்மப்பன் கைவிரல் வழியாக வந்தது.

திம்மப்பனுக்கு உத்தனப்பள்ளி. அப்பா காலம்வரை அடுத்தவன் நிலத்தில் ராகி அறுத்த குடும்பம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவார்கள், வெளியே தமிழ். கான்ட்ராக்டர் மூலமாக மோகன்குமாரின் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்ட வந்தான். அந்த மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற பாரம் கீழே இறங்கும். கை இரண்டும் பட்டன்மேல் இருப்பதால் உள்ளே மாட்டாது, அதற்காக வைத்தது. ஆனால் அப்படி ஓட்டினால் உற்பத்தி குறையும். ஆகவே சூப்பர்வைசர் சொல்லி, ஒரு பட்டனை அழுத்தினபடியே ரப்பர் டியூப் போட்டுக் கட்டி வைப்பார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டை உள்ளே தள்ளும். எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசை வழியாகத் தினம் போய்வந்த மோகன்குமாருக்கும் தெரியும். ஒரு நாள் திம்மப்பனின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன.

அந்தக் கையைத் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மோகன்குமார்தான். மறுநாள், இரண்டு பட்டனும் ஒழுங்காக வேலை செய்தன, ஆள்தான் கவனமில்லாமல் கையை விட்டான் என்று சாட்சி சொன்னதும் அவர்தான். கம்பெனி விஷயத்தை வெளியே விடாமல் முடிக்கப் பார்த்தது, ரொக்கமாக ஒரு தொகை கொடுத்தது. அதற்கு நடுவில் நின்று பேசி, முதலில் சொன்னதைவிடக் கொஞ்சம் ஏற்றியும் வாங்கிக் கொடுத்தார். கையில் சுற்றின சட்டையையும் ஏற்றி வாங்கின தொகையையும் மட்டுமே பார்த்த திம்மப்பனுக்கு அவர் தெய்வம். சாட்சி சொன்னதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அந்தப் பணத்துக்கு அவனும் அவன் பெண்டாட்டி பாப்பம்மாவும் ஏற்கனவே வழி செய்திருந்தார்கள். தேன்கனிக்கோட்டையில் ஒருவர் மகனோடு பெங்களூர் போய் இருக்கப் போகிறார், அவருடைய கறவை மாடு இரண்டையும் கன்றோடு கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மாதம் முடிகிற வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்கு. பாப்பம்மா அதற்குள் வீட்டுக்குப் பின்னால் கொட்டாய் போட்டு, தரையைச் சாணி போட்டு மெழுகி, முளைக்குச்சி அடித்து, தண்ணித்தொட்டி வரை வாங்கி வைத்துவிட்டாள். எட்டு விரலோடு எந்தக் கம்பெனியும் எடுக்காது, பால் கறக்க எட்டு விரல் போதும் என்பது அவள் கணக்கு. வீட்டில் பணம் வைத்தால் திம்மப்பனின் அண்ணன் குடித்தே தீர்ப்பான். பேங்கில் கணக்கு இல்லை. மாடு வாங்கும் நாள் வரை சாரிடமே இருக்கட்டும் என்று திம்மப்பன் கொடுத்து வைத்தான்.

கொடுத்து வைத்த பணத்தைக் கேட்காமல் எடுத்துப் போட்டிருந்தால் மோகன்குமாரைத் திருடன் என்று சொல்லிவிட்டு நான் கடையைக் கட்டியிருப்பேன். அவர் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திம்மப்பனை என் கடைக்கே கூட்டிவந்து, தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இரண்டு ஜன்னலையும் திறந்து காட்டினார். லண்டனில் புல்தரைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ரஷ்யாக்காரன் ஒருவன், அர்ஜென்டினாக்காரன் ஒருவன், மறுநாள் ஆட்டம். ரஷ்யாக்காரன்தான் ஜெயிப்பான் என்று ஊர் சொன்னது. லண்டனில் அவனுக்கு நல்ல விலை, அத்திப்பள்ளியில் அர்ஜென்டினாக்காரனுக்கு அதைவிட நல்ல விலை. பெரும்பங்கை ரஷ்யாக்காரன் மேலும் மிச்சத்தை அர்ஜென்டினாக்காரன் மேலும் கட்ட வேண்டும். திம்மப்பன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டுப் பிரித்த கையை மடியில் துண்டால் மூடியிருந்தான். புரிய வைக்க மோகன்குமார் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மெஷின்ல ரெண்டு பட்டன் இருக்குல்ல திம்மப்பா. ரெண்டுலயும் கை இருந்தா கை உள்ள மாட்டுமா? மாட்டாதுல்ல. இதுவும் அப்படித்தான். ரெண்டு பேர் மேலயும் நம்ம கை இருக்கு. எவன் ஜெயிச்சாலும் நமக்கு அடிபடாது. வர்ற லாபத்துல மாட்டுக்குத் தீவனம் வாங்கிக்க."

திம்மப்பன் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான்.

"ஒரு பட்டன யாராச்சும் கட்டி வெச்சிருக்க மாட்டாங்களா சார்?"

மோகன்குமார் சிரித்துவிட்டார். லண்டன்காரன் நம்ம சூப்பர்வைசர் மாதிரி கிடையாது, எல்லாம் சட்டப்படி நடக்கும் என்றார். திம்மப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றினவர் சொல்கிறார்.

"எனக்கு என்னா தெரியுது. நீங்க பாத்துச் சொன்னா சரிதான் சார்."

இருந்தாலும் மோகன்குமார் குவாலிட்டி ஆள் அல்லவா, ஒரு சோதனை வைத்தார். ஆட்டம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று ராஜப்பனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் எங்கள் காதில் விழும்படி கேட்டார்.

"ஆட்டம் பூர்த்தி ஆகணும்," என்றார் ராஜப்பன். "ஆகலேன்னா உன் துட்டு உனக்கு வாபஸ். பைசா குறையாது."

மோகன்குமார் என்னையும் திம்மப்பனையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். லண்டன் தளத்திலும் விதிமுறைகள் இருந்தன. பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், அழுத்தினால் திறக்கும். அவர் அழுத்தவில்லை. அவர் கம்பெனியில் மெஷின் நடுவில் நின்று பாதியில் உடைந்துபோன பீஸை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அது ஓகேயும் இல்லை, ரிஜெக்டும் இல்லை, நேராகக் கழிவுத் தொட்டிக்குப் போகும். ஆட்டமும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டியாயிற்று. ஒரு கடையில் கேட்டாயிற்று, அது சரியாக இருந்தது, ஆகவே மூன்று கடைக்கும் பச்சை அட்டை. பணத்தை அன்றே கட்டிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். படம் வராது, எண்கள்தான் வரும், அதையும் நாம்தான் அழுத்தி அழுத்திப் புதுப்பிக்க வேண்டும். ரஷ்யாக்காரன் முதல் செட்டை எடுத்தான். இரண்டாவதிலும் முன்னால் இருந்தான். யார் ஜெயித்தாலும் ஒன்றுதான் என்பதால் மோகன்குமார் பதற்றமில்லாமல் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். திம்மப்பனுக்கு அது மனசில் பதியவில்லை. எந்த எண் மாறினாலும் இது நமக்கு நல்லதா சார் என்று கேட்டான், எது மாறினாலும் நமக்கு நல்லதுதான் என்று அவர் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார்.

பிறகு எண்கள் நின்றுவிட்டன. என் கனெக்‌ஷனைத் திட்டினார். மோடத்தை அணைத்துப் போட்டேன். திரும்ப வந்தபோது ஆட்டத்துக்குக் கீழே ஒரு வரி புதிதாக இருந்தது. ரஷ்யாக்காரனுக்கு முழங்கால் பிசகிவிட்டது, ஆட முடியாது என்று விலகிக்கொண்டான்.

மோகன்குமாருக்கு முதலில் சின்ன ஏமாற்றம்தான். ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது, லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, பணம் அப்படியே திரும்பி வரும், நீ பஸ்ஸைப் பிடி என்று திம்மப்பனை அனுப்பினார். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. லாபம் கிடைக்காததில் அவனுக்கு வருத்தமே இல்லை, மாடு தப்பித்ததே என்று போனான். மோகன்குமார் தன் கணக்கைத் திறந்தார். ரஷ்யாக்காரன் மேல் கட்டிய பணம் முழுவதும் போயிருந்தது. ஏதோ தவறு என்று இன்னொரு தடவை திறந்தார். அப்புறம்தான் பக்கத்தின் அடிக்குப் போய் அந்தச் சின்ன எழுத்தை அழுத்தினார். இங்கிலீஷில் நீளமாக இருந்தது, நானும் கூட நின்று வாசித்தேன். ஒரு செட் முடிந்திருந்தால் போதும், அதற்குப் பிறகு எவன் விலகினாலும் அடுத்த சுற்றுக்குப் போகிறவனே ஜெயித்தவன். ஒரு செட் முடிந்திருந்தது. அடுத்த சுற்றுக்குப் போனவன் அர்ஜென்டினாக்காரன்.

லண்டனில் அர்ஜென்டினாக்காரன் ஜெயித்துவிட்டான், ரஷ்யாக்காரன் மேல் கட்டியது போயிற்று. அத்திப்பள்ளியில் ஆட்டமே நடக்கவில்லை, அர்ஜென்டினாக்காரன் மேல் கட்டியதற்கு ஒரு பைசா கூடுதல் கிடையாது. ஒரே ஆட்டம், இரண்டு கடையில் இரண்டு முடிவு. கடைகளை ஒப்பிடுவதே பொழைப்பாக இருந்த மனுஷன் விலையைத் தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம் வரை ஒப்பிட்டார், இந்த ஒன்றை ஒப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. விலகிக்கொண்ட ரஷ்யாக்காரனையும் அவனுடைய அம்மாவையும் அவர் துறையூர்த் தமிழில் திட்டித் தீர்த்ததைக் கேட்டபடி ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ராஜப்பன் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் டயர் கடைக்குப் போனபோது அர்ஜென்டினாக்காரன் மேல் கட்டியதை அப்படியே எடுத்துக் கொடுத்தார், டீ கூட வாங்கிக் கொடுத்தார். அது திம்மப்பனின் பணத்தில் கால்பங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அதை உத்தனப்பள்ளிக்கு எடுத்துப் போயிருக்கலாம், ஒரு கன்றுக்குட்டியாவது வந்திருக்கும். அவர் என் கடைக்கு எடுத்து வந்தார். போனதைப் பிடித்துவிட்டுத்தான் திம்மப்பன் முகத்தைப் பார்ப்பேன் என்றார். ஏஜென்ட் மூலமாக அதையும் லண்டனில் போட்டு, இந்தத் தடவை ஒப்பிடவெல்லாம் பொறுமையில்லாமல், ஒரே ஒருவன் மேல் கட்டினார். அவன் பாதியில் விலகாமல், முழு ஆட்டமும் ஆடி, ஒழுங்காகத் தோற்றான்.

இரண்டு நாள் கழித்துத் திம்மப்பன் தனியாக என் கடைக்கு வந்தான். மோகன்குமார் சரியாகப் பதில் சொல்லாமல், ஆட்டம் பாதியில் நின்றதால் பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சமாளித்திருக்கிறார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றான்.

"மீதி ஆட்டம் எப்பண்ணா ஆடுவாங்க?"

மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது, அப்படிச் சொல்வதில் யாருக்கும் லாபமும் இல்லை. மீதி ஆட்டம் என்று ஒன்று இல்லை, இருந்த பணம் எல்லாம் போய்விட்டது, அத்திப்பள்ளியிலிருந்து திரும்பி வந்ததும் போய்விட்டது என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். கால் பிசகினவனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான். தெரியாது என்றேன்.

அடுத்த நாள் பாப்பம்மா வந்தாள். லைன் வீட்டுக்கு முன்னால் நின்றாள், கத்தவில்லை. அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. பூங்கொடி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், பாப்பம்மா வாங்கவில்லை. திம்மப்பன் அவளுக்குப் பின்னால் தள்ளி நின்றான்.

"மாட்டுக்குன்னு கொட்டா போட்டு முளைக்குச்சியும் அடிச்சிட்டன்," என்றாள். "அதுல இப்ப யாரக் கட்றது, நீங்களே சொல்லுங்க சார். இந்த மனுசனக் கட்டட்டுமா?"

மோகன்குமார் தலை குனிந்து நின்றார் என்று எழுத ஆசைதான். அவர் அப்படி நிற்கவில்லை. நடந்தது விபத்து, யார் கையிலும் இல்லை என்று விளக்கினார். ரஷ்யாக்காரன் முழங்காலைப் பற்றிப் பாப்பம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். காசு போனால் போகட்டும், திம்மப்பனுக்கு வேலை வாங்கித் தருவது என் பொறுப்பு என்று முடித்தார். அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள். தேன்கனிக்கோட்டைக்காரர் மாதம் முடிந்ததும் மாடுகளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

வேலை வாங்கித் தருவேன் என்ற வாக்கை மட்டும் அவர் காப்பாற்றினார். சிப்காட்டுக்கு வெளியே தகர ஷெட் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற ஆட்கள் உண்டு. அப்படி ஒரு ஷெட்டில் சொல்லிச் சேர்த்துவிட்டார். அங்கேயும் பிரஸ் மெஷின்தான். பட்டனே கிடையாது, காலால் மிதித்தால் இறங்கும். இரண்டு கையும் உள்ளே போகலாம். கூலி நாளுக்கு இல்லை, பீஸுக்கு, அதுவும் பாஸ் ஆகிற பீஸுக்கு மட்டும். அந்த ஷெட்டில் அடித்த பெட்டி போய்ச் சேருகிற இடம் மோகன்குமாரின் மேசை.

மோகன்குமார் பாடம் படித்திருந்தார். ஐந்து பார்த்து மொத்தத்தையும் நம்பியதால்தான் கெட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் எல்லாப் பெட்டியிலும் எல்லாப் பீஸையும் பார்ப்பேன் என்று கிளம்பியவரை மேலே இருந்தவர்கள் அடக்கினார்கள், அப்படிப் பார்த்தால் லாரி எப்போது கிளம்புவது என்று. கடைசியில் ஒரே ஒருவன் பெட்டிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. இரண்டு விரல் இல்லாதவன் தகட்டை நேராகப் பிடிக்க முடியாது, அவன் அடிப்பதில் கோணல் அதிகம் வரும், அதை மட்டும் முழுதாகப் பார்க்கலாம் என்றார்கள். ஆகவே திம்மப்பனின் பெட்டி வந்தால் ஒன்று விடாமல் அளந்து பார்ப்பார். கோணல் இருக்கத்தான் செய்தது. சிவப்பு அட்டை போட்டுத் திருப்பி அனுப்புவார், அத்தனையும் கூலியில் போகும். இதையெல்லாம் அவரே என் கடையில் உட்கார்ந்து, இப்போது தன்னிடமிருந்து ஒரு தப்பான பீஸ் கூட வெளியே போவதில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

ஆமாம், கடைக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. இப்போது மூன்று ஜன்னல் திறப்பார், மூன்றாவது விதிமுறைக்கு. விலை பார்க்கும் முன்னால் ஒவ்வொரு தளத்தின் விதிமுறையையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு கோடு போட்டுப் படிப்பார். பாதியில் விலகினால் என்ன, மழை வந்தால் என்ன, ஒரு பந்து ஆடியிருந்தால் என்ன என்று எல்லாம் அத்துப்படி. பிரின்டுக்குத் தனிக் காசு, எனக்கு வருமானம்தான்.

அப்படி ஒரு நாள் அவர் உட்கார்ந்திருந்தபோது திம்மப்பன் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தான். இளைத்திருந்தான். இடது கைக் கட்டை விரலிலும் இப்போது ஒரு துணி சுற்றியிருந்தது. மோகன்குமார் அவனைப் பார்த்ததும் வா திம்மப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்டார். அவன் பக்கத்தில் போய் நின்றான். கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"மத்தவங்க பொட்டில அஞ்சு பீஸ்தான் பாக்கறீங்க. என் பொட்டில மட்டும் ஏன் சார் எல்லாத்தயும் பாக்கறீங்க? வாரத்துக்குப் பாதி கூலிதான் கைக்கு வருது."

மோகன்குமார் அவன் தோளில் கையை வைத்தார். குரலில் உண்மையாகவே பிரியம் இருந்தது, அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான் திம்மப்பா. முழுசாப் பாக்காம பாஸ் போட்டா என்ன ஆகும்னு உன்னவிட யாருக்குத் தெரியும்?"

"தெரியும் சார்," என்றான் திம்மப்பன்.

ஜெராக்ஸுக்கான சில்லறையை என் மேசைமேல் வைத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று பஸ் நிறுத்தத்துக்குப் போனான். மோகன்குமார் ஜன்னலை மாற்றினார்.